பெட்டியில் எழுதியிருந்த எண்

பெட்டியில் மூவாயிரத்து அறுநூறு.
திரையில் இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
காசு குடுத்தது பெட்டிக்கு.

கொக்குவில், ஸ்ரேசனுக்குக் கிட்ட, மேல்மாடி அறை.
கேஸின் பக்கத் தகடு கட்டிலில் கிடக்கிறது.
ஆறு திருகாணியில் ஐந்து தேத்தண்ணிச் சோசரில்,
மற்றது காலில் குத்தும்போது கிடைக்கும்.

நினைவகம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன்.
அந்தச் சொல்லை இந்த ஊரில் எழுதினால்
வாசிப்பவர் வேறெங்கோ போய்விடுவார்,
திரும்பி வர நேரமெடுக்கும்.
இது றாம். இரண்டு குச்சி, குச்சிக்குப் பதினாறு ஜிபி.
ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கலியாண வீடியோ
குடுத்தாக வேண்டும். அவ்வளவுதான்.

பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஒன் பண்ணினேன்.
திரை கறுத்தது.
மதர்போட் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு
எரிந்து அணைந்து எரிந்து
மூன்றாந்தரம் தானே தோற்று
பழைய வேகத்தோடு திரும்பி வந்தது,
பெயிலான பிள்ளை ரிப்போட்டைக்
கையெழுத்துக்கு நீட்டுவதுபோல.

அடுத்த முறை திரும்பியே வரவில்லை.
காசு அளவு பற்றறியைக் கழற்றிவிட்டு
ஐந்து நிமிசம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உயிர் வந்தபோது அதற்கு
2019, ஜனவரி முதலாம் திகதி.
அந்த ஜனவரியில் நான் நெல்லியடியில்
லீசிங் கொம்பனியில் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்,
எடிற்றிங் தெரியாது, கடன் இல்லை.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்தேன்.
பிறகு சரியான திகதியைப் போட்டேன்.

குச்சிகளை ஒன்றிலும் மூன்றிலும் செருகியிருக்கிறேன்.
இரண்டும் நாலும் என்று புத்தகத்தில் படமே இருக்கிறது.
புத்தகத்தைக் கடைசியில்தானே பார்க்கிறது.

மாற்றிச் செருகும்போது துஷாந்தினியின் போன்:
"அக்கா, நான் கூறைச்சீலை மாத்தி வாற இடம்
ஸ்லோ மோசன்தானே?"
ஓமடி, என்றேன்,
இப்ப எல்லாமே ஸ்லோ மோசன்தான்.

கஸ்தூரியார் வீதிக்கு, பின்னேர வெயிலில்,
குச்சியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனேன்.
யூட் மரியநேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே ஸ்பீட்,
கலர்கூட ஒண்டு தங்கச்சி."
கலர் ஒன்றுதான்.
ஸ்ரிக்கரின் அடியில், எறும்பு எழுத்தில்,
போன வருசம் வாங்கியது பதினாறு,
போன கிழமை வாங்கியது பதினெட்டு.
கூப்பிட்டால் ஒன்று முந்திச் சொல்லும்,
மற்றது இரண்டு எண்ணிக்கை பிந்திச் சொல்லும்.
மாத்தித் தர ஏலாது, சீல் உடைஞ்சிட்டுது, என்றார்.
நானேதான் உடைத்தேன்.

இரவு. எல்லாவற்றையும் பதினெட்டுக்குத் தளர்த்திவிட்டு
மெம்ரெஸ்ற் போட்டேன்.
3600இல் நாலாம் நிமிசமே சிவப்பு.
3466இல் நாற்பது நிமிசம் ஓடி
ஒரே ஒரு பிழை.
ஒன்றுதானே, விடுவம் என்று மனம் சொன்னது.
அந்த ஒன்று எங்கே விழும்?
தாலி கட்டுகிற பிரேமில்தான் விழும்.

3200.
தொண்ணூற்றிரண்டு வீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் பன்னிரண்டு நிமிசம் அழுதுவிட்டு
அதுவும் போனது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது.
கரண்ட் வந்தது. பூச்சியத்திலிருந்து.

விடிய ஐந்தரைக்கு, காங்கேசன்துறை ரெயின்
ஜன்னலை உலுக்கிக்கொண்டு போகையில்,
திரையில் பிழை: 0.

ஆறாவது திருகாணி கிடைக்கவில்லை, ஐந்தோடு மூடினேன்.
இரண்டு மணி நேர றெண்டரில்
இழந்த வேகத்துக்கு எவ்வளவு நட்டம் என்று
விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன்:
நாலு நிமிசம்.
இந்த நாலு நிமிசத்துக்கு மூன்று நாள்.

மூடமுதல் தகட்டின் உட்பக்கத்தில்
மாஸ்கிங் ரேப் ஒட்டி மார்க்கரால் எழுதினேன்,
அடுத்த முறை ஆசையோடு திறக்கப்போகிறவளுக்கு:
3200. பதினெட்டு. 1.35 வோல்ற்.
கை வைக்காதே.